வயலின் உணவே ஊக்கியின் நஞ்சு

யூரியாவின் அருமையை நெற் செய்கையாளரும் மரக்கறிச் செய்கையாளரும் 2021ஆம் ஆண்டில் நன்கு உணர்ந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டதாயினும், தொடர்ந்து வந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் குறைந்தது. பசளை மீண்டும் கடைக்கு வந்த பின்னரும் மூடையின் விலை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலே மலையடிவாரப் பள்ளங்களில் நெல் விதைப்போரும், தோட்ட லயன்களை அண்டிய துண்டு நிலங்களில் போஞ்சி, கத்தரி, கோவா முதலியன பயிரிடுவோரும் இந்தச் சுமையைத் தாமே சுமந்தவர்கள்.

ஆதலின், நமக்கு வேண்டிய யூரியாவை நாமே செய்துகொள்ளலாகாதா என்னும் வினா எழுவது இயல்பே. யூரியாவுக்கு மூலமாகிய ஐதரசன் வாயுவைத் தோட்டத்து விறகிலிருந்தும் வயல் வைக்கோலிலிருந்தும் ஆலை உமியிலிருந்தும் எடுக்கலாம் என்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர். கூற்று உண்மையே. ஆயினும் அதன் நடுவே ஒரு தடை இருக்கின்றது. ஐதரசனை உண்டாக்கத் துணைபுரியும் ஊக்கி என்னும் பொருள் விரைவிற் செயலிழந்து போவதே அத்தடை. அந்த ஊக்கியைக் கெடுக்கும் பொருள்களுட் பல, பயிருக்கு உணவாகும் அதே பொருள்கள். எந்தக் கழிவை நிலத்துக்குத் திருப்பிக் கொடுப்பது, எதனை விறகாக விற்பது என்று தீர்மானிக்க வேண்டிய கமக்காரர் இதன் விவரத்தை அறிந்திருத்தல் நன்று.

யூரியா மூடையினுள் இருக்கும் ஐதரசன்

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. 50 கிலோகிராம் மூடை ஒன்றில் இருப்பது 23 கிலோகிராம் நைதரசன். வளியில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசனே. எனினும் வளியிலுள்ள நைதரசனை நெற்பயிரோ கத்தரிச் செடியோ நேரே எடுத்துக்கொள்ள இயலாது. அதனை ஐதரசனோடு சேர்த்து அமோனியாவாக்கிப் பின்னர் யூரியாவாக்குதல் வேண்டும். நைதரசனையும் ஐதரசனையும் இணைக்கும் முறையை பிரிட்சு ஏபர் என்னும் சேர்மனிய விஞ்ஞானி கண்டார். கார்ல் பொசு என்பவர் அதனைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். 1913இல் சேர்மனியின் ஒப்பாவு என்னும் இடத்தில் முதலாவது ஆலை இயங்கத் தொடங்கிற்று. இன்றும் உலகம் முழுவதும் அம்முறையே கையாளப்படுகின்றது.

ஒரு மூடை யூரியாவுக்கு ஏறத்தாழ 28 கிலோகிராம் அமோனியா வேண்டும். அந்த அமோனியாவில் அடங்கியுள்ள ஐதரசன் ஏறத்தாழ 5 கிலோகிராம். ஆகவே ஓர் ஏக்கருக்கு இரண்டு மூடை யூரியா இடும் கமக்காரர், தம்மை அறியாமலே 10 கிலோகிராம் ஐதரசனை விலைக்கு வாங்குகின்றார் எனலாம்.

இந்த ஐதரசன் இன்று பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்படுகின்றது. தமிழ்நாட்டில் 1971இல் உற்பத்தியைத் தொடங்கிய மணலி ஆலையும், 1975இல் தொடங்கிய தூத்துக்குடி ஆலையும் முதலில் நெப்தா என்னும் எண்ணெயைப் பயன்படுத்தின. பின்னர் அவை இயற்கை வாயுவுக்கு மாறின. இலங்கையிலும் சப்புகஸ்கந்தையில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் அருகே, நெப்தாவிலிருந்து யூரியா செய்யும் ஆலையொன்று 1980களின் தொடக்கத்தில் இயங்கிற்று. செலவு கட்டுபடியாகாமையால் அதே பத்தாண்டிலேயே அது மூடப்பட்டது. எண்ணெயை நம்பிய ஐதரசன் எண்ணெய் விலைக்குக் கட்டுப்பட்டது என்பதே அதன் பாடம். உள்நாட்டு விறகிலிருந்து ஐதரசன் எடுக்கும் எண்ணத்துக்கு மதிப்புத் தருவதும் இதுவே.

விறகிலிருந்து ஐதரசன் வருவது எவ்வாறு?

நன்கு உலர்ந்த விறகின் நிறையில் ஏறத்தாழ அரைப்பங்கு காபன். ஐதரசன் நூற்றுக்கு 6 பங்கு மட்டுமே. எஞ்சியதிற் பெரும்பகுதி ஒட்சிசன். இவ்விறகை வளி மிகுதியாகப் படாமல் 800 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கி, அதன்மேற் கொதிநீராவியைச் செலுத்தினால், விறகின் காபன் நீராவியிலுள்ள ஒட்சிசனைப் பற்றிக்கொள்ளும். நீராவியிலிருந்த ஐதரசன் விடுபடும். இவ்வாறு கிடைக்கும் ஐதரசனில் ஒரு பகுதி விறகிலிருந்தும் ஒரு பகுதி நீரிலிருந்தும் வருகின்றது.

பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் தசப்பா அவர்களின் தலைமையிலான குழு, ஒட்சிசனையும் கொதிநீராவியையும் செலுத்தி, 1 கிலோகிராம் உலர்ந்த தாவரப் பொருளிலிருந்து ஏறத்தாழ 100 கிராம் ஐதரசனைப் பெற்றுள்ளது. இக்கணக்கின்படி ஒரு மூடை யூரியாவுக்கு வேண்டிய 5 கிலோகிராம் ஐதரசனை 50 கிலோகிராம் உலர்ந்த விறகு தரும். ஏட்டுக் கணக்கு இதுவாயினும், நடைமுறையில் விறகு இதனிலும் கூடுதலாகச் செலவாகும். வளியிலிருந்து நைதரசனைப் பிரிப்பதற்கும், வாயுக்களைப் பேரமுக்கத்தில் அழுத்துவதற்கும் தனியே சத்தி வேண்டும்.

இவ்வளவு குறைந்த விறகு போதுமாயின் ஏன் நாடெங்கும் இத்தகைய ஆலைகள் எழவில்லை? விடையை அறிய, விறகு வாயுவோடு கூடவே வரும் தாரை அறிதல் வேண்டும்.

கேகாலைப் பகுதியில் இறப்பர் செய்வோர் இத்தாரை நன்கு அறிவர். இறப்பர்த் தாள்களை உலர்த்தும் புகைக்கூடத்தின் சுவரிலும் கூரையிலும் கறுத்துப் பளபளப்பாகப் படிந்திருப்பது இதுவே. பச்சை விறகை எரித்தால் படிவு மிகும். ஐதரசன் ஆலையிலும் விறகு முழுவதும் வாயுவாகிவிடுவதில்லை. ஒரு பகுதி தாராவியாக எழுகின்றது. அது குளிர்ந்தால் குழாய்களை அடைக்கும். அதனையும் கொதிநீராவியாற் சிதைத்து ஐதரசனாக்கிக்கொண்டால் அடைப்பும் நீங்கும், வாயுவும் மிகும். அதற்கு வெப்பம் மட்டும் போதாது. ஊக்கியும் வேண்டும்.

ஊக்கி என்பது யாது?

பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் கூட்டிவைத்துவிட்டுத் தாம் விலகிக்கொள்ளும் தரகரைப் போல, இரு பொருள்கள் சேர்வதை விரைவுபடுத்தித் தான் மாறாதிருப்பது ஊக்கி. இவ்வேலைக்குப் பெரிதும் பயன்படுவது நிக்கல் என்னும் உலோகம். நிக்கலின் ஊக்கும் தன்மையை ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானி போல் சபத்தியே 1912இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆலையில் நிக்கலைக் கட்டியாக இடுவதில்லை. அலுமினா என்னும் வெண்மையான பொருளினாலான சிறு உருளைகளிலும் வளையங்களிலும் கண்ணுக்குத் தெரியாத நிக்கல் மணிகளைப் படியச் செய்து, அவற்றை நீண்ட குழாய்களில் நிரப்புவர். நிக்கலின் மேற்பரப்பே வேலை செய்வதாகும். உட்புறத்துக்கு வேலை இல்லை. ஆதலின் அதனை இயன்றவரை நுண்மணிகளாக்கி மேற்பரப்பைப் பெருக்குகின்றனர். அந்த மேற்பரப்பு மூடப்பட்டாலும் சுருங்கினாலும் ஊக்கி செயலிழந்துவிடும். ஊக்கி குறையாது, எடையிட்டுப் பார்த்தால் அதே நிறை இருக்கும், ஆயினும் வேலை நடவாது.

இயற்கை வாயுவைத் தூய்மை செய்து பயன்படுத்தும் பசளை ஆலைகளில் நிக்கல் ஊக்கி பல ஆண்டுகள் உழைக்கின்றது. விறகு வாயுவைத் தூய்மை செய்யாது செலுத்தினால், அதே ஊக்கி சில நாட்களிலும், சிலவேளை சில மணித்தியாலங்களிலும் சோர்ந்துவிடுகின்றது. அதற்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது: காபன் படிதல்

தார் சிதையும்போது அதிலுள்ள காபன் முழுவதும் நீராவியோடு சேராமல் நிக்கலின்மேற் கரியாகப் படிகின்றது. சில வேளைகளில் அது மெல்லிய தோல்போல் நிக்கலை மூடிவிடும். வேறு சில வேளைகளில் இழைகளாக வளர்ந்து, நிக்கல் மணியையே அதன் இடத்திலிருந்து பெயர்த்துத் தூக்கும். இழைகள் பெருகினால் அலுமினா உருளைகள் வெடித்துத் தூளாகிக் குழாய் அடைபடும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. நீராவியின் அளவைக் கூட்டினால் படிவு குறையும். படிந்த கரியை நீராவியாலோ சிறிதளவு வளியாலோ எரித்து நீக்கலாம். ஆனால், நீராவி கூடுந்தோறும் அதனைக் கொதிக்கவைக்கும் விறகும் கூடும். கரியை எரிக்கும்போது வெப்பம் கட்டுமீறினால் மூன்றாவது தீங்கு நேரும்.

இரண்டாவது: கந்தகமும் குளோரீனும்

நிக்கலுக்குக் கொடிய நஞ்சு கந்தகமாகும். விறகிலும் வைக்கோலிலும் உள்ள கந்தகம் வெப்பத்தில் ஐதரசன் சல்பைட்டு வாயுவாகின்றது. அழுகிய முட்டையின் நாற்றம் உடைய வாயு அது. பத்து இலட்சம் பங்கு வாயுவில் ஒரு சில பங்கு இருந்தாலும் அது நிக்கலைப் பற்றிக்கொள்ளும். இதனாலேயே இயற்கை வாயு ஆலைகளில் வாயுவை முதலில் நாக ஒட்சைட்டு நிரம்பிய கலத்தினூடாகச் செலுத்திக் கந்தகத்தைக் களைந்த பின்னரே ஊக்கியிடம் விடுகின்றனர்.

இறப்பர் இலையிற் பூஞ்சண நோயைத் தடுக்கக் கந்தகத் தூள் தூவப்படுவதைச் சப்பிரகமுவத் தோட்டத்தார் அறிவர். வெங்காயத்துக்கு மணத்தையும் காரத்தையும் தருவதும் கந்தகமே. பயிர்கள் புரதம் செய்துகொள்ளக் கந்தகம் இன்றியமையாதது. ஆதலின் அது எல்லாத் தாவரங்களிலும் உண்டு. மரத்தண்டிலும் பார்க்க இலையிலும் வைக்கோலிலும் அது மிகுதி.

குளோரீனும் தீங்கு செய்வதே. நிக்கல் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை அது விரைவுபடுத்துகின்றது. அடுத்த கலத்திலிருக்கும் செப்பு ஊக்கியை அது இன்னும் எளிதிற் கெடுக்கும். நெல்வயலில் இடப்படும் மியூரியேற்றுப் பொட்டாசு என்பது பொட்டாசியமும் குளோரீனும் சேர்ந்த உப்பு. அதன் குளோரீனில் ஒரு பகுதி வைக்கோலிற் சேர்கின்றது. விறகோடு பீவீசீக் குழாய்த் துண்டுகள் கலந்துவிட்டால் குளோரீன் பன்மடங்காகும்.

மூன்றாவது: வெப்பத்தால் ஒட்டிக்கொள்ளுதல்

நிக்கல் 1455 பாகையில் உருகும். ஆயினும் ஏறத்தாழ 600 பாகையிலேயே அதன் நுண்மணிகளின் அணுக்கள் அசையத் தொடங்குகின்றன. ஊக்கி வேலை செய்வதோ 700 முதல் 900 பாகை வரையான வெப்பத்தில். ஆகவே வேலை செய்யுந்தோறும் நுண்மணிகள் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று சேர்ந்து பெருமணிகளாகின்றன. நூறு சிறுமணிகள் ஒரு பெருமணியானால் நிறை மாறாது. மேற்பரப்பு வெகுவாகச் சுருங்கும். நீராவி மிகுந்த இடத்தில் இது விரைந்து நிகழும். கரியை எரித்து நீக்குவது போல இதனை எளிதில் நீக்க இயலாது.

நான்காவது: சாம்பற் பொருள்கள்

தாவரத்தில் எரியாது எஞ்சுவது சாம்பல். வைக்கோலின் சாம்பலில் பொட்டாசும் சிலிக்காவும் மிகுதி. பொட்டாசு உப்புகள் பெருவெப்பத்தில் ஆவியாகிச் சென்று ஊக்கியின்மேற் படிகின்றன. சிலிக்காவோடு சேர்ந்தால் கண்ணாடிபோல் உருகி அடுப்பின் அடியிற் கட்டிபடுகின்றன. சிலிக்காவும் சிறிதளவு நீராவியோடு நகர்ந்து சென்று ஊக்கியின் நுண்துளைகளை மூடும்.

பொட்டாசு எப்போதும் பகை என்று எண்ணலாகாது. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் நெப்தாவுக்கான நிக்கல் ஊக்கியைச் செய்தபோது, கரி படிவதைத் தடுக்கும் பொருட்டுச் சிறிதளவு பொட்டாசை அதில் வேண்டுமென்றே சேர்த்தது. அளவோடு இருந்தால் துணையாவது, அளவு மீறினால் நிக்கலை மூடிவிடுகின்றது. வைக்கோலிலிருந்து வரும் பொட்டாசுக்கு அந்த அளவு தெரியாது.

பிற நாடுகளின் அனுபவம்

விலை மிகுந்த நிக்கலை நேரே தாருக்கு முன் நிறுத்தாமல், மலிவான கல்லொன்றை முன்காவலாக வைப்பது இன்று பலரும் கைக்கொள்ளும் வழி. அதற்கு உதவும் கற்களில் ஒன்று, தேயிலைக்கும் தென்னைக்கும் இடுவதற்காக இலங்கையில் அகழ்ந்தெடுக்கப்படும் டொலமைட்டே. சுட்ட டொலமைட்டுத் தாரை நன்கு சிதைக்கும். கந்தகம் பட்டாலும் நட்டமில்லை. ஆயினும் அது மென்மையானது. அடுப்பில் உருண்டு உருண்டு தூளாகிவிடும். இதனிலும் கடினமான ஒலிவீன் என்னும் கல்லும் இவ்வேலைக்கு ஏற்றது.

ஒசுத்திரியா நாட்டில் கூசிங் என்னும் சிற்றூரில் இவ்வகை நிலையமொன்று 2000களின் தொடக்கத்திலிருந்து 2016 வரை இயங்கிற்று. காட்டு மரச் சிம்புகளைக் கொதிநீராவியால் வாயுவாக்கிய அந்நிலையத்தின் அடுப்பில் ஒலிவீன் மணலே நிரப்பப்பட்டிருந்தது. அங்கு ஒரு புதுமை காணப்பட்டது. புதிய மணலிலும் பார்க்கச் சில காலம் உழைத்த மணலே தாரை நன்கு சிதைத்தது. மரச் சாம்பலிலுள்ள சுண்ணாம்புச் சத்து மணலின்மேற் படிந்து அதனைச் சிறந்த ஊக்கியாக்கியதே காரணம். சுண்ணாம்பு மிகுந்த மரச் சாம்பல் உதவிற்று. பொட்டாசும் சிலிக்காவும் குளோரீனும் மிகுந்த வைக்கோலை இட்டிருந்தால் இந்நன்மை கிடைத்திராது.

தென்மார்க்கு நாட்டில் வைக்கோலை எரித்து மின்சாரம் எடுப்போர் வேறொன்றைக் கண்டனர். அறுவடையான உடன் கட்டிய மஞ்சள் வைக்கோலிலும் பார்க்க, வயலில் மழையில் நனைந்து சாம்பல் நிறமாகி, மீண்டும் உலர்ந்த வைக்கோலே அடுப்புக்கு நல்லது. மழைநீர் அதிலுள்ள பொட்டாசையும் குளோரீனையும் கழுவிவிடுகின்றது. கழுவப்பட்ட அந்தப் பொட்டாசு எங்கே போயிற்று? வயலின் மண்ணுக்கே போயிற்று. இதிலுள்ள உண்மையை நம் கமக்காரர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். வைக்கோல் எவ்வளவுக்குப் பயிருணவை இழக்கின்றதோ அவ்வளவுக்கு ஆலைக்கு ஏற்றதாகின்றது. பயிருணவு நிறைந்த வைக்கோலை ஆலைக்குக் கொடுத்தால் ஆலைக்கும் தீங்கு; நிலத்துக்கும் இழப்பு.

கணக்கிட்டுப் பார்த்தல்

ஒரு தொன் நெல் வைக்கோலில் 5 முதல் 8 கிலோகிராம் வரை நைதரசனும், 14 முதல் 20 கிலோகிராம் வரை பொட்டாசும், ஏறத்தாழ ஒரு கிலோகிராம் வரை கந்தகமும், 40 முதல் 70 கிலோகிராம் வரை சிலிக்கனும் உண்டு. மியூரியேற்றுப் பொட்டாசில் நூற்றுக்கு 60 பங்கு பொட்டாசு இருப்பதால், ஒரு தொன் வைக்கோலை விற்பவர் 23 முதல் 33 கிலோகிராம் வரை மியூரியேற்றுப் பொட்டாசைக் கூடவே விற்றுவிடுகின்றார். வைக்கோலுக்குக் கிடைக்கும் பணத்தையும், அத்தனை கிலோகிராம் பொட்டாசுக்குக் கடையிற் கொடுக்கவேண்டிய விலையையும் ஒப்பிட்ட பின்னரே விற்பனையைத் தீர்மானித்தல் வேண்டும். சிலிக்கன் நெற்பயிரின் தண்டை உறுதியாக்கிப் பயிர் சாய்வதைக் குறைப்பதாகும். அதனை விலை கொடுத்து வாங்குவார் எவருமிலர். ஆதலின் இழந்தது தெரியாமலே போகும்.

உமியின் நிலை சற்று வேறு. நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அதனை எரித்தால் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை சாம்பல் எஞ்சும். அச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்காவே. கந்தகம், குளோரீன், பொட்டாசு ஆகியன வைக்கோலிற் போல உமியில் மிகுதியாக இல்லை. வெறும் வெப்பத்துக்காக எரிக்கும் கொதிகலன்களுக்கு உமி பொருத்தமானது. நாற்றுமேடைக்கும் தட்டு நாற்றுக்கும் கருக்கிய உமி பயன்படுவதால், தமக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மிஞ்சியதை விற்பதில் நிலத்துக்குப் பெரிய இழப்பு இல்லை.

ஊக்கிக்கு மிகவும் ஏற்றது தூய்மையான மரத்தண்டே. அதிற் கந்தகமும் குளோரீனும் மிகக் குறைவு. சாம்பலும் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே. சப்பிரகமுவவில் இவ்வகை மரத்துக்குக் குறைவில்லை. பால் வற்றி மறுநடுகைக்காக வெட்டப்படும் இறப்பர் மரங்கள் நெடுங்காலமாகத் தேயிலைத் தொழிற்சாலைகளின் அடுப்புகளுக்கு விறகாகி வருகின்றன. தேயிலைக்கு நிழலாகவும் மிளகுக்குப் பற்றுமரமாகவும் வேலியாகவும் வளர்க்கப்படும் கிளிரிசிடியாவும் உண்டு. தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றை அடுத்து நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005இல் இலங்கை அரசு ஏற்றுக்கொண்டது இம்மரத்தையே.

கிளிரிசிடியா இவ்விடயத்தில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அதன் உலர்ந்த இலையில் நூற்றுக்கு 3 முதல் 4 பங்கு வரை நைதரசன் உண்டு. கந்தகமும் பொட்டாசும் இலையிலேயே மிகுதி. தண்டிலோ பெரும்பாலும் எரியும் பொருளே. ஆகவே ஒரே மரத்தின் கிளையை வெட்டி, இலையை உருவி வயலுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் பசுந்தாட் பசளையாக இட்டு, தண்டை உலர்த்தி விறகாக விற்கலாம். வயல் தனக்கு வேண்டியதைப் பெறும். ஆலை தனக்கு ஆகாததைப் பெறாது.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் விறகிலிருந்து ஐதரசன் எடுக்கும் ஆலை அமையும் நாள் எதுவாயினும், விறகு, உமி, வைக்கோல் ஆகியவற்றை எரிபொருளாக விற்கும் வாய்ப்பு இன்றே உண்டு. கீழ்வரும் ஒழுங்குகள் இரண்டுக்கும் பொருந்தும்.

1. வைக்கோலை வயலுக்கே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். சூடடித்த இடத்திலேயே குவித்துவிடாமல் வயல் முழுவதும் பரப்புக. குவியலில் மழை பெய்தால் பொட்டாசு முழுவதும் ஓரிடத்தில் இறங்கி வீணாகும். முதலாம் உழவின்போதே புதைத்து, விதைப்புக்கு முன்னர் இரண்டு மூன்று வாரங்கள் மட்கவிடுக. உடனே விதைத்தால் மட்கும் வைக்கோல் மண்ணின் நைதரசனைத் தற்காலிகமாக இழுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளிக்கும்.

2. வைக்கோலை வயலில் எரித்தல் ஆகாது. எரித்தால் அதன் நைதரசன் ஏறத்தாழ முழுவதும் புகையோடு போய்விடும். கந்தகத்திலும் ஒரு பகுதி போகும்.

3. கிளிரிசிடியா முதலியவற்றின் இலையும் இளங்கொம்பும் நிலத்துக்கு. முற்றிய தண்டு விறகுக்கு. இலையோடு கூடிய கொம்பை விறகாகக் கட்டி விற்பவர் தம் நைதரசனை இலவசமாகக் கொடுப்பவராவார்.

4. விறகை உலர்த்தியே விற்றல் வேண்டும். அப்போது வெட்டிய மரத்தில் நிறையின் அரைப்பங்கு நீர். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வதால், வெளியில் அடுக்கிய விறகு உலர்வது அரிது. தை, மாசி மாதங்களில் மழை குறைந்திருக்கும் காலத்தில் வெட்டிப் பிளந்து, கூரையின்கீழ், தரைபடாதவாறு, காற்றோட்டமாக அடுக்குக. ஈர விறகு தாரைப் பெருக்கும். தார் பெருகினால் கரி படியும்.

5. விறகில் மண் ஒட்டியிருத்தல் ஆகாது. மண் என்பது பெரும்பாலும் சிலிக்காவே. வேரும் அடிக்கட்டையும் விற்பதாயின் மண்ணைத் தட்டி நீக்குக.

6. பொலித்தீன், நைலோன் கயிறு, பசளைப் பை, பீவீசீக் குழாய், நிறம் தீட்டிய பலகை ஆகியவற்றை விறகோடு சேர்த்தல் ஆகாது. அவை ஊக்கிக்கு மட்டுமன்றி, அடுப்பின் அருகில் நிற்பவரின் சுவாசத்துக்கும் கேடு விளைப்பன.

7. விறகு விற்கும்போது சாம்பலைத் திருப்பிக் கேட்டல் நன்று. தூய மரச் சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாசும் உண்டு. புளித்தன்மையுள்ள மரக்கறி நிலத்துக்கு அது ஏற்றது. தேயிலை புளித்த மண்ணை விரும்புவதால் தேயிலைக்கு அளவின்றி இடலாகாது. யூரியாவோடு கலந்து இடுதலும் தவறு. நைதரசன் அமோனியாவாக வளியிற் கலந்துவிடும். பிளாத்திக்குச் சேர்த்து எரித்த அடுப்பின் சாம்பலை எந்தப் பயிருக்கும் இடுதல் கூடாது.

ஐதரசன் ஆலை வருமாயின் அதற்கு வேண்டிய உலர்ந்த மரத்தைக் கொடுப்பது சப்பிரகமுவவுக்கு இயலாத காரியமன்று. அதனாற் கிடைக்கும் யூரியா மலிவாக வருமா என்பது ஊக்கி எத்தனை நாள் உழைக்கும் என்பதையே பெரிதும் சார்ந்திருக்கும். அவ்வாலை வந்தபோதிலும் வராதபோதிலும், இவ்வருடம் அறுவடையாகும் வைக்கோலிலுள்ள பொட்டாசு கமக்காரரின் கையிலேயே இருக்கின்றது. அதனை வயலில் வைத்திருப்பதற்கு எந்த நாட்டின் கப்பலுக்கும் காத்திருக்க வேண்டுவதில்லை.

தத்தம் நிலத்தின் தன்மைக்கேற்ற பசளை அளவையும் சாம்பல் இடும் அளவையும் அறிய விரும்புவோர், தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி மண்ணைப் பரிசோதிப்பித்துக்கொள்ளலாம்.